ஞாயிற்றுக்கிழமை கடையை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்குப் பால் வண்டி வரும்போது ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து மணிக்குத்தான் இறக்குவேன். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வருவேன். வாரத்தில் ஏழு நாளும் இப்படித்தான். தூக்கம் ஐந்து மணி நேரம். கடையில் ஏழெட்டு டீ ஓடிவிடும். ஐந்து வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடமாக ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் ஒரு நாளாவது ஓய்வெடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஓய்வுநாளில் தராசு பிடித்தால் வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்கிறார் அம்மா. மனைவியும் பிள்ளைகளும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறார்கள். நான் பண்டிகைக்கும், அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து ஆராதனைக்கும் மட்டும்தான். போன மாதம் அப்படி வெறும் வயிற்றில் போனபோது பாதி ஆராதனையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். புழுக்கம் என்றார்கள். ஆண்டவர் உன்னோடு பேசுகிறார் என்றார் அம்மா. எனக்கும் அடைக்க ஆசைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம். எதிரில் புதிதாக ஒரு கடை வேறு வந்திருக்கிறது. எப்போதாவது விடுமுறை விட்டால் மதியத்துக்குள் தலைவலியும் எரிச்சலும் வந்துவிடுகின்றன. கூட்டம் குறைந்த செவ்வாய்க்கிழமை அடைத்தால் போதாதா? அல்லது ஞாயிறு அரை நாள்? சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிப்பவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று படித்தேனே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

எந்த நாள் என்பதை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த வியர்வையை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கிளிமிபிரைடு, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, திருவிருந்து வாங்கும் வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று பத்து மணி வரை இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் எல்லாம் அதன் அறிகுறிகள். ஆண்டவர் பேசினாரா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. மாத்திரை பேசியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் உள்ள 48 வயது ஆணுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டினால் மருத்துவர்கள் இதயத்தையும் சந்தேகிப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. ஆகவே இந்த வாரமே ஓர் ஈசிஜி எடுத்து, நடந்ததை உங்கள் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். கடையில் ஆள் இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். மறுபடி அப்படி வியர்த்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை குறைவாகக் காட்டினாலோ கருவி கையில் இல்லையென்றாலோ மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டாலும், நெஞ்சில் பாரமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

திருவிருந்து ஞாயிறுகளில் என்ன செய்வது? சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் என் விருப்பம். நோயாளி சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று உங்கள் சபைப் போதகரான சேகரகுருவிடமே கேளுங்கள். கூடாது என்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வெறும் வயிற்றில்தான் போவேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், கிளிமிபிரைடை வீடு திரும்பி இலையில் உட்காரும்போது போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அழுத்த மாத்திரையை வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு விழுங்கலாம். உபவாச ஜெபம் இருக்கும் நாள்களிலும் இதே கவனம் வேண்டும்.

இனி ஓய்வுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு 108 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஒரு கூட்டு ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று அது கணக்கிட்டது. நீங்கள் 55-இன் இரு மடங்கை எட்டப் போகிறீர்கள். ஒரு நாள் முழுக்க அடைத்தாலும் 93 மணி நேரம் மிஞ்சும். எனவே ஞாயிறு அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் அது பொய். இரவு கடையையும் ஒன்பதுக்கு இறக்குங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன விற்கிறது என்று பில் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தீப்பெட்டியும் கொசுவத்தியும்தான் பெரும்பாலும் இருக்கும் என்பது என் ஊகம். அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். இரவுச் சாப்பாடும் முன்னால் வரும், காலைச் சர்க்கரையிலும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி ஆறு நாள் தூக்கத்தையும் ஈடுகட்டிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். உடம்பு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. நேரம் தப்பித் தூங்கினால் அன்று இரவு தூக்கம் பிடிக்காது, திங்கள் காலை பால் வண்டிக்கு எழுந்திருப்பது தண்டனையாக இருக்கும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். மதியம் அரை மணி நேரம் கண்ணயருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

விடுமுறை நாளில் வரும் தலைவலிக்கு வேறு காரணம் இருக்கிறது. கடையில் ஏழெட்டு டீ குடிக்கும் நீங்கள் வீட்டில் எத்தனை குடிப்பீர்கள்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தினமும் கிடைத்த கஃபீன் நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை வலிக்கும், ஆள் சிடுசிடுப்பார். உங்களுக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டீ வீதம் குறைத்து, வார நாள்களிலேயே மூன்றில் நிறுத்துங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொண்டாலும் எட்டு டீக்குப் பதினாறு ஸ்பூன். மாத்திரையை ஏற்றும் முன் எந்த டாக்டரும் கேட்கவேண்டிய கணக்கு இது. தலைவலியோடு அழுத்தம் எகிறியிருந்தாலோ பார்வை மங்கினாலோ அது டீ விஷயமல்ல, உடனே காட்டுங்கள்.

எரிச்சலுக்கு டீ மட்டுமே காரணமாக இருக்காது. நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்த ஆளை ஒருவரும் கூப்பிடாத வீட்டில் உட்காரவைத்தால் முதல் சில வாரங்கள் கை சும்மா இருக்காது. கைபேசியை எடுப்பீர்கள். மொத்த வியாபாரியின் வாட்ஸாப்பில் துவரம்பருப்பு விலை பார்ப்பீர்கள். பணம் வந்ததை அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் கடன்காரர் யாராவது ஐம்பது ரூபாய் அனுப்பும்போது கூடத்தில் அது கத்தும். உங்கள் மனம் எழுந்து கடைக்குப் போய்விடும். பெட்டியைக் கடையிலேயே விட்டுப் பூட்டுங்கள். திங்கள்கிழமைச் சரக்குப் பட்டியலைச் சனி இரவே அனுப்பிவிடுங்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக் கேள்வி. உடம்புக்குக் கிழமை தெரியாது. செவ்வாய் ஓய்ந்தாலும் கால் வீக்கம் வற்றும். ஆனால் அன்று பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். உங்கள் தெருவில் எல்லோரும் வேலையாக இருப்பார்கள். வீட்டில் நீங்களும் மின்விசிறியும்தான். சோவியத் ரஷ்யாவில் 1929-இல் இதையே ஒரு தேசத்துக்குச் செய்து பார்த்தார்கள். இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். குழுவுக்கு ஒரு நாள் ஓய்வு. ஏழு நாளுக்கு ஒரு முறை வந்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்தது, அதாவது ஓய்வு கூடியது. ஆனாலும் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. கணவனுக்கு மஞ்சள் நாள், மனைவிக்குச் சிவப்பு நாள் என்று விழுந்தால் ஒரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்கார நாளே இல்லை. ஆலயத்துக்குப் போவோருக்கும் ஞாயிறு இல்லாமல் போயிற்று. அரசு விரும்பியதும் அதைத்தான். 1931-இல் அதை ஆறு நாள் வாரமாக மாற்றினார்கள், 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பி வந்தன. உங்கள் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமையை நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவே காரணம். உங்கள் மனிதர்கள் ஓய்ந்திருக்கும் நாளில் நீங்களும் ஓய்ந்திருந்தால்தான் அது உங்களுக்குப் பலிக்கும்.

ஞாயிறு அரை நாளும் வேண்டாம். காலையில் திறந்தால் ஆராதனை போயிற்று. ஆலயத்தில் இரண்டாம் மணி அடிக்கும்போதுதான் யாராவது கால் கிலோ சீரகத்துக்கு வந்து நிற்பார். மாலையில் திறப்பதென்றால் மதியத்திலிருந்தே கண் கடிகாரத்தில் இருக்கும்.

சனிக்கிழமை பற்றி. உங்கள் வட்டாரத்தில் இது பழைய வழக்கு. பக்கத்துப் பிரகாசபுரத்தில், சட்டம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு 1857-இல் தொடங்கிய சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக ஆசரித்தது. அதே சனிக்கிழமையை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் உங்கள் பக்கம் வந்தது அதற்கெல்லாம் பின்னால்தான். எந்த நாள் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. நீங்கள் படித்ததாகச் சொல்லும் ஆயுள் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்டுகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. அந்த மாநிலத்தின் மற்றவர்களைவிட அவர்களில் ஆண்கள் சுமார் 7 ஆண்டும் பெண்கள் 4 ஆண்டுக்கு மேலும் கூடுதலாக வாழ்ந்தார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் புகைப்பதில்லை, பெரும்பாலோர் மது தொடுவதில்லை, பலர் இறைச்சி சாப்பிடுவதில்லை, கொட்டைப் பருப்புகள் நிறையச் சாப்பிடுகிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள். இத்தனையும் சேர்ந்த இடத்தில் சனிக்கிழமை ஓய்வின் பங்கு இவ்வளவு என்று பிரித்து நிறுக்க உங்கள் கடைத் தராசாலும் முடியாது. கிழமையை மாற்றி ஆயுளைக் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை உங்கள் விசுவாசமாக இருந்தால் அது வேறு விஷயம். உங்கள் வீட்டார் ஞாயிறு ஆலயத்தில் இருக்கிறார்கள். நீங்களும் அங்கே இருங்கள்.

அம்மாவின் வார்த்தை உங்களை உறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. நான் மிஷன் பள்ளியில் படித்தவள்; பத்துக் கட்டளையும் இன்றும் மனப்பாடம். ஆசீர்வாதம் போய்விடும் என்ற பயத்தில் அடைத்தால் வியாபாரம் மந்தமான முதல் மாதத்திலேயே திறந்துவிடுவீர்கள், பிறகு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று இயேசுவே சொன்னதாக மாற்குவின் சுவிசேஷத்தில் இருக்கிறது. அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு அவரையே கையைப் பிடித்து ஆலயத்துக்கு அழைத்துப் போங்கள். அவருக்கு வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கட்டளையில் ஒரு பட்டியல் வருகிறது. நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று மாடு வரைக்கும் ஓய்வு உண்டு. மனைவியை மட்டும் காணோம். பள்ளியில் டீச்சரிடம் இதைக் கேட்டு வசவு வாங்கிய பெண் நான். இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. குடும்பத் தலைவர் வீட்டில் இருக்கிறார் என்றால் ஆலயத்திலிருந்து வந்த கையோடு ஆட்டுக்கறி கழுவி, மசாலா அரைத்து, சோறு வடித்து, பாத்திரம் தேய்த்து முடிக்க உங்கள் மனைவிக்கு மூன்று மணி ஆகும். உங்கள் ஓய்வுநாள் அவருக்கு வாரத்தின் கடுமையான வேலைநாளாக ஆகிவிடக் கூடாது. கறியைச் சனி இரவே வைத்துவிடுங்கள், அல்லது ஞாயிறு மதியம் ரசமும் துவையலும் போதும் என்று முடிவு செய்யுங்கள். தேங்காய் துருவவும் பாத்திரம் கழுவவும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை இருக்கிறது. உங்கள் சர்க்கரைக்கும் ஞாயிறு விருந்தைக் குறைப்பது நல்லது.

பட்டியலில் வேலைக்காரனும் இருக்கிறான். உங்கள் கடையில் உதவிக்குப் பையன் இருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் இருப்பான். ஞாயிறு அடைக்கிறோம், சாக்கு மூட்டையை அடுக்கிவிட்டுப் போ என்று அவனை வரச் சொல்லாதீர்கள். அன்றைய சம்பளத்தையும் பிடிக்காதீர்கள். வேலையாளுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பது 1947-இல் வந்த நம் மாநிலக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே உண்டு.

மிச்சமிருப்பது வியாபாரம். அது என் துறை இல்லை என்றாலும் வாடிக்கையாளராக ஒன்று சொல்ல முடியும். நம் ஊர்களில் செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்காது. யாரும் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்கு முடி வெட்டிக்கொள்ளப் போவதில்லை. திங்களோ புதனோ போகிறார்கள். உங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வலை காய்கிறது. எந்த நாள் கிடையாது என்பது நிச்சயமாகத் தெரிந்தால் ஜனங்கள் பழகிக்கொள்வார்கள். ஒரு வாரம் அடைத்து, மறு வாரம் கல்யாண முகூர்த்தம் என்று திறந்து, அடுத்த வாரம் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்தால்தான் எதிர்க்கடைக்குப் போவார்கள். பற்று நோட்டில் பெயர் உள்ளவர்கள் சனி மாலையே வாங்கிக்கொள்வார்கள். போகிற வழியில் வாங்குகிறவர்களில் சிலர் எதிரே போகத்தான் செய்வார்கள். அந்த இழப்பு உண்மையானது. அது இல்லை என்று உங்களைத் தேற்ற மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஞாயிறு வரவு போனதையும் சனி, திங்கள் வரவு கூடியதையும் தனித்தாளில் எழுதி வாருங்கள். அதே மூன்று மாதம் கழித்து, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் வந்துவிடும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த ஞாயிறே திடுதிப்பென்று அடைக்க வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் விடுமுறை என்று இன்றே ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிடுங்கள். ஞாயிறு காலையில் ஜனங்களுக்கு உண்மையிலேயே தவிர்க்க முடியாதது பால் பாக்கெட் ஒன்றுதான். உங்கள் வரிசையிலேயே டீக்கடை இருந்தால் அன்றைக்கு மட்டும் பால் பெட்டியை அங்கே இறக்கச் சொல்லிவிடுங்கள். அன்றைய கமிஷன் டீக்கடைக்காரருக்கே போகட்டும்.